ஜீப் திரும்பும் நேரம்



இன்று விடியுமுன் போடி கடைத்தெரு வழியாக நடந்து வந்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையில் தூக்குவாளி. இந்தக் கோலத்தில் பெண்கள் ஜீப்புக்குள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள். நாம் இங்கே கூடியிருக்கும் இந்த வேளையில் அவர்கள் செடியடியில் குனிந்திருப்பார்கள்.

ஏலம் காய்ப்பது தரையை ஒட்டிய சரத்தில். குத்தவைத்துத்தான் காயெடுக்க வேண்டும். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பெண்ணுக்கு நடுப்பகலில் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகிவிடும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். பக்கத்தில் காயெடுக்கும் அக்காவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மறைவுக்குக் கூட்டிப்போய், பாலை எப்படி இதமாகப் பீய்ச்சிவிடுவது என்று சொல்லித்தருவார். காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்பார். போன வருடம் அவரும் இதே வலியோடு இதே சரிவில் நின்றவர். தாய்க்குத் தாயே துணை என்று இந்தக் கருத்தரங்குக்கு நாம் தலைப்பு வைத்திருப்பது மலையில் வெகுநாளாக நடந்துவருவதுதான். அதற்கு நேரமும் இடமும் கூலியும் கிடைக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சின்னத் தோட்டங்களுக்கு நாள்கூலியாகப் போய்வரும் போடிப் பெண்ணின் தூளியை அந்தச் சட்டத்தால் எட்ட முடியவில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவின. அவை செய்த நன்மை பெரிது. ஆனாலும் நான் பார்த்த குழுக்களில் ஊக்குநராகவும் பிரதிநிதியாகவும் இருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள். இருபது வயது மருமகள் வீட்டில் குழந்தையோடு இருப்பாள். மாமியார் கூட்டத்துக்குப் போவார். துணை யாருக்கு அதிகம் வேண்டுமோ அவள்தான் அங்கே இல்லை.

தலைமைப் பயிற்சி என்றதும் நமக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது. மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல்வேலைக் கூலிக் குழுவுக்குத் தலைவியாக நின்று கூலி பேசியவர். அங்கிருந்துதான் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்பு இயக்கத்தின் முகமானார். 2001இல் டெல்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. இதோ மலைக்கு அந்தப்பக்கம் மூணாறில், 2015இல் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்து இருபது சதவீத போனஸ் கேட்டார்கள். அவர்களுக்கு யார் பாடம் நடத்தினார்கள்?

ஆய்வாளர்களுக்கு எண்களும் வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களில் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் மூன்றாண்டுகள் மாதந்தோறும் பெண்களைக் கூட்டியது. கூட்டத்தை நடத்தியவர்கள் உள்ளூர்ப் பெண்களே. கதையும் படங்களும் விளையாட்டும்தான் கருவி. பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்திருந்தது. 2010இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. அந்த ஆய்வில் என்னைத் தொட்டது ஒன்று: தீர்வை வெளியார் கொண்டுவரவில்லை. எது நம் ஊர்ச் சிக்கல், முதலில் எதைச் செய்வது என்று அந்தப் பெண்களே பேசி முடிவெடுத்தார்கள்.

போடியிலும் இது முடியும். பேசவரும் இளந்தாய்க்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வரமாட்டாள், வரச்சொல்வதும் நியாயமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர இடம் வேண்டும். வழிநடத்துகிறவர் அவளைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவராக இருக்கட்டும்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பத்து மணிக்கு வைத்திருக்கும் களப்பணி அமர்வை மாலை ஏழுக்கு மாற்றுங்கள். அதற்குள் ஜீப்புகள் இறங்கிவிடும். முன்வரிசையில் பாய் விரித்து, உத்தரத்தில் நாலு தூளியும் கட்டிவையுங்கள். முதல் பேச்சு அந்தத் தாய்மார்களுடையதாக இருக்கட்டும். கட்டுரைகளை அதற்குப் பிறகு படிக்கலாம்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.