கரப்பான் பண்டமும் சுண்டெலியும்



இன்று காலை கோட்டைப்பட்டினம் துறைமுகத்தில், ஒரு கூடை வெள்ளை இறாலின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் விரலிடுக்குகளில் செந்தடிப்புகள். "அரிப்புதான் சார், தேங்காயெண்ணெய் தடவினா அடங்கிடும்" என்றார். அடங்கியதாகத் தெரியவில்லை. நாளையும் அதே இறால், அதே கை. ஒவ்வாமை பற்றிய கருத்தரங்கை இந்த ஊரில் கூட்டியது சரி என்று அப்போதே மனதில் பட்டது.

இறாலை, தோலில் அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் ஒதுக்கினார்கள். அதில் உண்மை இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்பா ராவ் குழுவினர் ஆராய்ந்தது இதே வெள்ளை இறாலைத்தான். இதிலுள்ள முதன்மையான ஒவ்வாமைப் புரதம் தசையில் இருக்கும் ட்ரோபோமயோசின் என்று 1993இல் அவர்களும் அமெரிக்கக் கூட்டாளிகளும் எழுதினார்கள். கொதிக்கவைத்தாலும் அது அழியாது. வெந்த தண்ணீரிலும் இறங்கிவிடும். நன்றாக வறுத்துச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்லும் உறவினர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த அறிவியலுக்கு விலை கொடுத்தவை விலங்குகள். 1902இல் ஆய்வாளர்கள் ரிஷே, போர்ட்டியே இருவரும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்க்குச் செலுத்தினார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட சிறு அளவில் நிமிடங்களில் செத்தது. கடும் ஒவ்வாமைத் தாக்கைக் குறிக்கும் அனபிலாக்ஸிஸ் என்ற சொல் அங்கே பிறந்தது.

இன்று அந்த இடத்தில் சுண்டெலி இருக்கிறது. அதற்குக் கொடுத்துப் பார்க்கும் மருந்துகளில் ஒன்று, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் ராபமைசின். 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் புறப்பட்ட ஒரு கனடாக் குழு அள்ளிவந்த மண்ணில் கிடைத்தது அது. அதைப் பிரித்தெடுத்த சுரேந்திரநாத் சேகல் நம்மவர். அவர் வேலைபார்த்த மான்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது, அதைச் சுரக்கும் நுண்ணுயிரை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். 1999இல் அந்த மருந்து சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. 2012இல் ஜப்பானின் கோபே நகர ஆய்வாளர்கள் அதை முட்டைப் புரத ஒவ்வாமையுள்ள சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமை வருமுன் கொடுத்தாலும், வந்தபின் கொடுத்தாலும் அறிகுறிகள் தணிந்தன.

நல்ல சேதிதான். ஆனாலும் எனக்குத் தயக்கம் உண்டு. சுண்டெலிக்கு வாந்தி வராது. வயிற்றுப்போக்கையும் உடல் சூடு இறங்குவதையும் வைத்தே கணக்கிடுகிறோம். அதன் ஒவ்வாமையும் பெரும்பாலும் நாம் ஊசி போட்டு உண்டாக்கியது. மருந்தின் குணமும் லேசானதல்ல. ராபமைசின் எடுப்பவருக்கு வாய்ப்புண் வரும், தொற்று எளிதில் பற்றும், காயம் ஆறத் தாமதமாகும். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க அதைத் தாங்கலாம். கெளுத்தி முள் குத்துவது அன்றாடமாகிப்போன இந்தக் கரையில், இறால் அரிப்புக்காக ஒரு பிள்ளையின் எதிர்ப்பாற்றல் முழுவதையும் ஒடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். மூச்சடைக்கும் நேரத்தில் இந்த மருந்து உதவவும் உதவாது; அப்போது தேவை அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு வழி. ராபமைசினை நுண்துகளில் அடைத்து, குறிப்பிட்ட புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால், அந்த ஒரு புரதத்தை மட்டும் பொறுத்துக்கொள்ள உடலைப் பழக்கலாம் என்று 2015இல் சுண்டெலிகளில் காட்டியிருக்கிறார்கள். அதை நம் இறால் புரதத்தில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மருந்து கொடுத்த நாட்களின் கணக்கை எல்லோரும் காட்டுவீர்கள். மருந்தை நிறுத்தி, சில வாரம் விட்டு, அதே சுண்டெலிக்கு மறுபடி அந்த உணவைக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அந்த அட்டவணையை முதலில் போடுங்கள். காலையில் பார்த்த அம்மாவுக்கு நான் சொல்லவேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.