அறைக்குள் ஒரு நெடுவழி

காட்டில் வழி தவறியவன் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வான் என்பது பழைய பேச்சு. அது வெறுங்கதையன்று என்பதை யான் சூமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2009ஆம் ஆண்டிலே காட்டினர். ஜேர்மனியின் காடொன்றிலும், துனீசியாவின் சகாராப் பாலைவனத்திலும், நேராக நடக்குமாறு சிலரை அவர்கள் பணித்தனர். ஞாயிறு தெரிந்தபோது நடந்தோர் நேர்வழியே சென்றனர். காட்டில் முகில் ஞாயிற்றை மறைத்த பொழுதிலோ தம் சுவடுகளையே மீண்டும் குறுக்கிட்டுச் சென்றனர். அதனை அவர்கள் உணரவுமில்லை. கண்கட்டி நடந்தவர்களுட் சிலர் 20 மீற்றர் விட்டமுடைய சிறு வட்டங்களிலே சுழன்றனர்.

மனிதனுக்குத் திசையைக் காட்டுவது காலன்று, கண்ணே என்பது இதனாற் புலனாகும். இக்குறைபாட்டையே கருவியாகக் கொண்டு, சின்னஞ்சிறு அறைக்குள் நெடுவழி நடக்கச் செய்யும் வித்தையொன்றை விஞ்ஞானிகள் கண்டனர்.

1968ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐவன் சதர்லாண்ட், தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை அமைத்தார். அணிந்தவர் தலையைத் திருப்புந்தோறும் காட்சியும் அதற்கியைய மாறிற்று. மெய்நிகர் உலகம் என இன்று வழங்கும் துறைக்கு அது முன்னோடி. ஆனால், அவ்வுலகுக்குள் நடப்பது எங்ஙனம்? கண்முன்னே தோன்றும் நகருக்கு எல்லையில்லை. கால் நிற்கும் அறையோ பத்தடிக்குள் சுவரிலே முடிகிறது.

கைப்பிடியை அசைத்து நகரலாம். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்தும் நகரலாம். இவற்றையும் மெய்யான நடையையும் 1999ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஒப்பிட்டபோது, இயல்பான நடையே சிறந்தது எனக் கண்டனர். கண் ‘நகர்கிறேன்’ என்கிறது. உட்செவியின் சமநிலைப் புலனோ ‘நிற்கிறேன்’ என்கிறது. இவ்விரண்டும் முரணுமாயின் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகலாம்.

2001ஆம் ஆண்டில் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரீப் ரஸாக்கும் அவருடைய துணைவரும் ஒரு வழியை வெளியிட்டனர். தீ விபத்துப் பயிற்சி போன்றதொரு காட்சியிலே மனிதரை அவர்கள் நடக்கவிட்டனர். காட்சியுலகு முழுவதும் நடப்பவரைச் சுற்றி மிக மெல்லச் சுழற்றப்பட்டது. அவர் தம்மையறியாமலே உடலைத் திருப்பிக் கொண்டார். ஓர் இலக்கை அடைந்து மறு இலக்குக்குத் திரும்பும்போது, சுவரை நோக்காமல் வெறுந்தரையை நோக்கியே அவர் நின்றார். காட்சியிலிருந்த அறை, மெய்யான அறையினும் பெரிது. ஆயினும் அவர் அதனைக் கடந்துவிட்டார்.

இந்த ஏமாற்றுக்கும் ஓரளவுண்டு. 2010ஆம் ஆண்டில் பிராங்க் ஸ்ரைனிக்கேயும் பிறரும் அதனை அளந்தனர். காட்சியில் 90 பாகை திரும்பியவரை மெய்யாக 72 பாகை மட்டும் திரும்பச் செய்யலாம். அவருக்கு ஐயம் எழாது. 10 மீற்றர் நடந்தவருக்கு 12 மீற்றருக்குச் சற்று மேலாக நடந்ததாகக் காட்டலாம். நேராக நடப்பதாக நம்புபவரை வளைவழியிலும் செலுத்தலாம். ஆனால், அவ்வட்டத்தின் ஆரை 22 மீற்றருக்குக் குறைதல் ஆகாது.

இன்னொரு தந்திரம் இன்னும் வியப்புக்குரியது. நடப்பவரின் முதுகுக்குப் பின்னே, அவர் நுழைந்த கதவையே இடம்மாற்றி வைத்தார் இவன் சூமா என்பவர். திரும்பியவர் புதிய கதவின் வழியே, நடந்த தரையிலேயே மறுபடி நடந்தார். 2011இல் வெளியான இவ்வாய்வில் 77 பேருள் ஒருவரே மாற்றத்தை ஐயமறக் கண்டுகொண்டார். கண்மணி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் கணப்பொழுதிலே பார்வை மங்குகின்றது. அக்கணத்தைப் பயன்படுத்திக் காட்சியைத் திருப்பும் முறை 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

எனினும், தடை முற்றும் நீங்கிற்றென்று கூறுதற்கில்லை. 22 மீற்றர் ஆரையென்றால் குறுக்களவு 44 மீற்றராகும். அத்துணை அகன்ற மண்டபம் எந்த இல்லத்தில் உண்டு? சுவர் நெருங்கும்போது நடப்பவரை நிறுத்தி, ‘ஒரு முழுச்சுற்றுத் திரும்புக’ என்று கட்டளையிடும் முறையுமுண்டு. அவர் மெய்யாகத் திரும்புவது அரைச்சுற்றே. ஆபத்து விலகுகிறது, ஆனால், அந்த உலகத்தில் இருக்கிறோம் என்ற நம்பிக்கையும் அக்கணமே கலைகிறது. அளவுக்கு மிஞ்சிச் சுழற்றினாலோ தலை கிறுகிறுக்கும். சுழற்றாது விட்டாலோ நெற்றி சுவரில் மோதும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பாதையிலேயே இவ்வாய்வு நடைபோடுகின்றது.

செக்குமாடு நாளெல்லாம் நடந்தும் செக்கடியை விட்டு அகல்வதில்லை. மெய்நிகர் உலகில் நடப்பவரும் ஓரறையை விட்டு அகல்வதில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாட்டின் வட்டம் என்றும் ஒரே வட்டம்; மனிதரின் வட்டத்திலோ புதிய வீதிகள் விரிகின்றன. தம் கால் சென்ற வழியைத் தாமே அறியார் என்ற உண்மையை உணர்ந்து, அவரை வழிநடத்தும் கை பொறுப்புள்ள கையாக இருத்தல் வேண்டும்.