கும்பத்து நீரும் குழாய் நீரும்

(மண்டலாபிஷேக நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



48 நாள்களுக்கு முன்னர் இக்கோபுரத்தின்மீது கும்பநீர் சொரியக் கண்டு நாம் கைகூப்பி நின்றோம். அன்று கலசங்களை மேலேற்றியது பளுதூக்கும் இயந்திரம். திரண்டிருந்த மக்கள்மீது புனித நீரைத் தெளித்தது 'டிரோன்' என்னும் சிறு பறக்கும் பொறி. அதனைக் கண்ட முதியவர் ஒருவர் என்னருகே வந்து, "ஐயா, இதுவும் ஆகமத்தில் உண்டோ?" என்று வினவினார். அவர் குரலில் ஏளனம் இல்லை, கவலை இருந்தது. அன்று விடை கூற இயலாது நின்றேன். இன்று கூற முயல்கின்றேன்.

கும்பத்தில் நாம் எதனை வைத்து வழிபட்டோம்? நீரை. குடம் உடல் எனவும், சுற்றிய நூல் நாடி எனவும் கொண்டு, உள்ளே நிறைந்த நீரில் இறைவனை எழுந்தருளச் செய்தோம். வள்ளுவப் பெருந்தகையும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைப் பெருவிழாவில் அடியார்கள் முல்லையாற்றில் மூழ்கி எழுந்து, திருக்கம்பத்திற்கு நீர் வார்ப்பதை நாம் அறிவோம். அந்த முல்லையாற்று நீர் நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியது. மலைக்குக் கிழக்கே வைகைக் கரை வறண்டு கிடக்க, மறுபுறத்தே பெரியாறு மேலைக் கடல் நோக்கி ஓடிற்று. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக்கின் பொறுப்பில் 1887இல் அணைவேலை தொடங்கிற்று. கட்டிய பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றது. மலைக்காய்ச்சலுக்கு இரையாகித் தொழிலாளர் பலர் அக்காட்டிலேயே மண்ணாயினர். அவ்வளவும் தாங்கி, 1895இல் மலையைக் குடைந்த சுரங்கவழியே பெரியாற்று நீர் கிழக்கே இறங்கிற்று. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைவதும், தைத்திங்களில் நம் மக்கள் அவர் நினைவாகப் பொங்கலிடுவதும் அதன் பயனே.

அந்த அணையும் பொறியியலின் செயலே. ஆயினும் அதன் இயல்பைக் கவனியுங்கள். கல், சுண்ணாம்பு, சுர்க்கி எனும் செங்கற்பொடி ஆகியவற்றால் அது எழுந்தது. கான்கிரீட்டால் வலுவூட்டியது பிற்காலத்தில். நீரைக் கிழக்கே கொணர அன்று எந்த எந்திரமும் இறைக்கவில்லை. மலையின் சரிவே கொணர்ந்தது. பின்னாளில் லோயர் கேம்ப்பில் அதே நீர் இயந்திரங்களைச் சுழற்றி மின்சாரம் தந்தது; தந்தபின் வயலுக்கே செல்கின்றது. இயற்கையின் போக்கை அறிந்து, அதனோடு இயைந்து நிற்கும் தொழில்நுட்பத்திற்கு இதனினும் நல்ல சான்று எதற்கு? எனினும் ஒன்றை மறத்தலாகாது. அணை நீரைத் தேக்கும், மழையைப் பெய்விக்காது. அதற்குக் காடு வேண்டும். மேகமலைக் காட்டைப் புலிகள் காப்பகமாக 2021இல் அறிவித்ததும் நம் ஆறுகளின் தலைக்காவலே எனக் கொள்ளத்தகும்.

இனி என் பிழையையும் இச்சபையில் மறைக்காது கூறுகின்றேன். என் தந்தையார் கமலை கட்டி இறைத்த கிணறு எங்கள் தோட்டத்தில் இருந்தது. நண்பகலில் மாடுகள் களைக்கும், ஏற்றம் நிற்கும், அவ்வேளையில் ஊற்றுச் சுரந்து கிணறு மீண்டும் நிறையும். மாட்டின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நான் மின்மோட்டார் வைத்தேன். அதற்குக் களைப்பில்லை, எனக்கும் நிறைவில்லை. கிணறு வற்றவே, ஆழ்துளைக் கிணறு தோண்டினேன். அதுவும் சில ஆண்டுகளில் வறண்டது. பழுதேதும் இல்லாத மோட்டாரை நான் நொந்து பயனென்ன? அளவை மறந்தவன் நானே.

கமலைக்கு நான் திரும்பவில்லை. திராட்சைப் பந்தலுக்குச் சொட்டுநீர்க் குழாய் அமைத்தேன். மோட்டார் ஓடும் நேரத்தை வரையறுத்தேன். மழைநீர் கிணற்றில் இறங்க வழி வெட்டினேன். எந்திரத்தைத் துறப்பது எளிய வாழ்வன்று. மாட்டின் களைப்பு செய்த காவலை நம் மனம் செய்வதே எளிய வாழ்வு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

முதியவருக்கு என் விடை இதுவே. தொலைவில் நெருக்குண்டு நின்ற நோயாளிக்கும் குழந்தைக்கும் ஒரு துளி தீர்த்தம் சேர்ப்பித்த பொறி தொண்டு செய்தது, அதில் குற்றமில்லை. ஆனால் தீபாராதனை வேளையில் மின்விசையால் தானே முழங்கும் மேளமணியைப் பல கோயில்களில் காண்கின்றோம். நாதஸ்வரக் கலைஞரும் தவில் வித்துவானும் நின்ற இடத்தில் அது நிற்கின்றது. கையால் செய்யும் தொண்டே வழிபாடாயிருக்க, அக்கையை விலக்கும் பொறி நமக்கு எதற்கு? சுமையைக் குறைக்கும் பொறியை ஏற்போம். அன்பைக் குறைக்கும் பொறியைத் தவிர்ப்போம்.

நன்கொடையாளர்களாகிய உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். நீராடியபின் பழந்துணியையும் பிளாஸ்டிக் பையையும் ஆற்றில் விடும் வழக்கம் இக்கோயில் துறையிலேனும் இன்றோடு ஒழியட்டும். ஊர்க் கழிவுநீர் ஆற்றில் கலவாதிருக்க ஊரார் ஒன்றுகூடி முயலட்டும். திருப்பணியில் எஞ்சிய பொருளில் ஒரு பகுதி, மேளக் கலைஞர் ஒருவரின் ஊதியத்திற்கும் ஆற்றங்கரை மரங்களுக்கும் ஆகட்டும்.

பன்னிரண்டாண்டு கழித்து மீண்டும் குடமுழுக்கு நிகழும். அன்று கோபுரத்திற்கு வண்ணம் தீட்ட எவரும் முன்வருவர். கும்பத்தை நிறைக்கத் தூய நீரை நம் மக்களுக்கு விட்டுச் செல்ல வேண்டியவர் நாமே. அதற்குரிய மனத்தை இறைவன் நமக்கு அருள்வானாக!