சர்டிஃபிகேட் வந்துச்சு, பாடம் வந்துச்சா?

இந்த வாரம் ஆம்பூர்ல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க. சென்னை–பெங்களூர் லைன் எங்க தெருவுக்குப் பின்னாடிதான் போகுது.

போன தடவை ஊருக்கு வந்தப்போ எதிர்வீட்டுத் தங்கச்சி வீட்டுக்கு வந்தா. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். அவங்க அம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிற செக்‌ஷன்ல இருக்காங்க. காலையில கம்பெனி பஸ் ஏறினா பொழுது சாஞ்சுதான் திரும்புவாங்க. தங்கச்சி கையில ஒரு சர்டிஃபிகேட். டேட்டாபேஸ் பத்தி எட்டு வார ஆன்லைன் கோர்ஸ், மார்க் 71. "சூப்பர்மா"ன்னேன். அவ சிரிக்கல. "அண்ணா, இன்டர்வியூல இதைக் காட்டலாமா? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது"ன்னா.

எப்படி முடிச்சான்னு ஒளிக்காம சொன்னா. வீட்ல நல்ல போன் ஒண்ணுதான். அது ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் இவ கைக்கு வரும். அப்போ அன்னைக்கு டேட்டாவுல பாதி காலி. வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுட்டுப் பாத்திரம் தேய்ப்பா. அசைன்மென்ட் பதில் டெலிகிராம் குரூப்ல வந்துடும். கடைசிப் பரீட்சையும் வீட்டுலயே, கண்காணிப்பு கிடையாது. எந்தத் தளம்னு சொல்லப் போறதில்ல, அது முக்கியமும் இல்ல. காலேஜுக்கு கிரெடிட் வேணும், கோர்ஸ் நடத்துறவங்களுக்கு எண்ணிக்கை வேணும், இவளுக்கு சர்டிஃபிகேட் வேணும். மூணு பேருக்கும் கேட்டது கிடைச்சிருச்சு.

ஒரு பேப்பரைக் கொடுத்தேன். ரெண்டு டேபிள். ஒண்ணுல கம்பெனி ஆட்கள் பேரு, இன்னொண்ணுல யார் எந்த ஷிப்ட்டுக்கு வந்தாங்கன்னு. "இந்த வாரம் ஒரு ஷிப்ட்டுக்கும் வராதவங்க யாரு? எஸ்க்யூஎல்ல எழுது." லெஃப்ட் ஜாயின்னா என்னன்னு கேட்டா விளக்கம் வரி பிசகாம சொல்றா. எழுதச் சொன்னா பேனா நகரவே இல்ல.

எனக்கு அவ மேல கோபம் வரல. ஏன்னா இதே தப்பை நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பண்ணியிருக்கேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, நண்பர்கள் சில பேர் சேர்ந்து நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இலவசமா எஸ்க்யூஎல் கோர்ஸ் ஒண்ணு பண்ணோம். 14 வீடியோ, ஒவ்வொண்ணும் 40 நிமிஷம். பாடம் முழுக்க நான்தான். நல்ல மைக், நல்ல ஸ்லைடு. கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம்ல அஞ்சுக்கு 4.7 ஸ்டார். "அண்ணா, செம கிளியர்"னு வரிசையா கமென்ட். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன், வெட்கமில்லாம. மூணு வாரம் கழிச்சு வேற ஒரு விஷயமா அவங்கள்ல 26 பேரைக் கூப்பிட்டு, காலி எடிட்டரைத் திறந்து கொடுத்து ஒரு சின்ன கேள்வி கேட்டேன். எழுதினது அஞ்சு பேர்.

ஸ்டார் பொய் சொல்லுச்சா? இல்ல. அவங்களுக்கு நிஜமாவே புரிஞ்ச மாதிரிதான் இருந்திருக்கு. 2019-ல் ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் கூட இருந்தவர்களும் இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே பாடம்தான். ஒரு குழுவுக்கு வழவழன்னு நல்ல லெக்சர். இன்னொரு குழு தாங்களே முட்டி மோதிக் கணக்குப் போட்டது. டெஸ்ட்டில் ரெண்டாவது குழுவுக்குத்தான் மார்க் அதிகம். ஆனா "நிறையக் கத்துக்கிட்டோம்"னு சொன்னது லெக்சர் கேட்ட குழு. எனக்கு இதைப் படிச்சப்போ என் ஸ்கிரீன்ஷாட்தான் ஞாபகம் வந்துச்சு. நான் அளந்தது கத்துக்கிட்டதை இல்ல, சுகமா இருந்துச்சாங்கறதை.

எப்போ அளக்கறோம்கறதும் இருக்கு. 2006-ல் ரோடிகர், கார்பிக் ரெண்டு பேரும் செய்த சோதனை இது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படிச்சவங்க ஒரு பக்கம், ஒரு தடவை படிச்சிட்டு மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தவங்க இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா, திரும்பப் படிச்சவங்க 81 சதவீதம், எழுதிப் பார்த்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அப்படியே தலைகீழ்: 42-க்கு 56. வீடியோ முடிஞ்ச அடுத்த நிமிஷம் வர்ற அஞ்சு கேள்வி குவிஸ் இருக்கே, அது அந்த முதல் நம்பரைத்தான் காட்டுது.

இந்த இடத்துல எங்க மாமாவைப் பத்தி சொல்லணும். வாணியம்பாடி பக்கம் ஒரு தோல் ஷாப்புல டிரம் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவர். குரோம் போட்டு டிரம்ல சுத்தின தோல் வெளியே வந்தா, மேலாகப் பார்த்தா எல்லாமே நீலமாத்தான் இருக்கும். மாமா நிறத்தை நம்ப மாட்டார். கழுத்துப் பக்கம், தோல் ரொம்பத் தடிமனா இருக்கிற இடத்துல ஒரு துண்டு வெட்டி, வெட்டின விளிம்பைப் பார்ப்பார். நடுவுல வெள்ளைக் கோடு தெரிஞ்சா சரக்கு உள்ளே இறங்கல. அப்புறம் அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணியில போடுவார். பதம் ஏறாத தோல் அறுபது, அறுபத்தஞ்சு டிகிரியிலேயே சுருங்கிப் போயிடும். நல்லா பதமான தோல் கொதியிலயும் அப்படியே நிக்கும். சுருங்கினா திரும்ப டிரம்முக்கு. தோலைத் திட்டி யாரும் பார்த்ததில்ல.

நாங்க கோர்ஸ்ல பண்ணாம விட்டது அந்தத் துண்டு வெட்டுறதைத்தான்.

சரி, நம்ம நாட்டுல இதை ஓரளவு ஒழுங்கா யோசிச்சவங்க இருக்காங்களான்னா, இருக்காங்க. 2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது என்பிடெல். முதல் பத்து வருஷம் அது பெரும்பாலும் வீடியோ நூலகம்தான். அருமையான பேராசிரியர்கள், கரும்பலகை, ஒரு மணி நேர வகுப்பு அப்படியே கேமராவில். 2014-ல்தான் சர்டிஃபிகேட்டோட கூடிய கோர்ஸ் ஆரம்பிச்சாங்க. அவங்க எடுத்த ஒரு முடிவுதான் இன்னைக்கு வரைக்கும் அதைக் காப்பாத்துதுன்னு நான் நினைக்கிறேன். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், சென்டருக்கு நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75. ரெண்டுலயும் தனித்தனியா குறைந்தபட்சம் எடுக்கணும். அசைன்மென்ட்டை டெலிகிராம்ல பார்த்துப் போட்டா 25 கிடைக்கும், ஆனா அது மட்டும் வெச்சு பாஸ் ஆக முடியாது. 12 வார கோர்ஸ்ல சிறந்த எட்டு அசைன்மென்ட்டை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. ஒரு வாரம் வீட்ல கல்யாணம், ஒரு வாரம் காய்ச்சல்னா பையன் தப்பிச்சுக்குவான். இந்த ரெண்டாவது விதி சின்னது மாதிரி தெரியும். படிக்கிறவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குன்னு தெரிஞ்ச யாரோ எழுதின விதி அது.

குறையும் இருக்கு. பரீட்சை பெரும்பாலும் தேர்வு விடைக் கேள்விகள்தான். ஒரு க்வெரியை எழுதத் தெரியாமலே சரியான க்வெரியை அடையாளம் காட்டிட முடியும். ஐஐடி மெட்ராஸ் 2021 ஜனவரியில் தொடங்கின டேட்டா சயின்ஸ் டிகிரியில புரோகிராமிங் பாடங்களுக்குக் கோடு எழுதித்தான் ஆகணும். மாணவன் கண்ணுக்குத் தெரியாத டெஸ்ட் கேஸ்ல அதை ஓட்டிப் பார்த்துதான் மார்க். அது துண்டு வெட்டிப் பார்க்கிறதுக்குக் கிட்ட வருது.

இதெல்லாம் ஏன் இப்போ அவசரம்னா, 2016-ல் யுஜிசி ஸ்வயம் வழியா 20 சதவீதம் வரைக்கும் கிரெடிட் எடுக்கலாம்னு விதி போட்டுச்சு. 2021-ல் அது ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும்னு ஆச்சு. பெரிய நகரத்து காலேஜ்ல ஆன்லைன் கோர்ஸ் கூடுதல் சட்னி. ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிற காலேஜ்ல அதுதான் இட்லியே. அதனால அது மோசமா இருந்தா அடி விழுறது முதல்ல பேரணாம்பட்டுலயும் மேல்விஷாரத்துலயும் இருக்கிற பசங்களுக்குத்தான்.

"பாதியில விட்டுட்டுப் போறாங்க"ங்கறதுதான் ஆன்லைன் கோர்ஸ் மேல வழக்கமா சொல்ற குற்றச்சாட்டு. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தின கோர்ஸ்கள்ல 2017–18-ல் சேர்ந்தவங்கள்ல நூத்துக்கு மூணு பேர்தான் முடிச்சாங்கன்னு 2019-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. எல்லாரும் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா காலேஜ் கட்டாயப்படுத்தினா எல்லாரும் முடிச்சிடுவாங்களே! எங்க தங்கச்சியும் முடிச்சவதான். முடிச்சவங்க எண்ணிக்கையை வெச்சு ஒரு கோர்ஸை எடை போடாதீங்க, ப்ளீஸ்.

ஆறு மாசம் முன்னாடி என் கோர்ஸைக் கலைச்சுட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். நம்ம வேலையில டெஸ்ட்டை முதல்ல எழுதிட்டு அப்புறம் கோடு எழுதுவோமில்ல, அதே மாதிரி வீடியோ ஒண்ணும் எடுக்காம முதல்ல பரீட்சையை எழுதினேன். கோர்ஸ் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு, உதவி இல்லாம, காலி ஸ்கிரீன்ல, ஆறு கேள்வி. அந்த ஆறுல எதுக்கும் உதவாத வீடியோ எல்லாம் வெளியே. டேட்டாபேஸ் வரலாறுன்னு 40 நிமிஷம் பேசியிருந்தேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடியோ. போயிடுச்சு.

மிச்சத்தை அஞ்சாறு நிமிஷத் துண்டுகளாக்கினேன். 2014-ல் எட்எக்ஸ் வீடியோக்களை வெச்சு வந்த ஆய்வு ஒண்ணு, ஆறு நிமிஷத்துக்கு மேல கவனம் சரியுதுன்னு சொல்லுச்சு. அதுல இருந்து ஆறு நிமிஷம்கறது ஒரு மந்திரமாவே ஆயிடுச்சு. உண்மையில நிமிஷம் முக்கியமில்ல, வீடியோ நின்னதும் அவ கை என்ன பண்ணுதுங்கறதுதான் முக்கியம். என்னோடதுல ஒவ்வொரு துண்டுக்கு அப்புறமும் எழுதினாதான் அடுத்தது திறக்கும். ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்துல இருந்து ஒரு பழக்கத்தைத் திருடினேன். அங்க ஸ்கிரிப்ட் எழுதி முடிச்சதும் ரெக்கார்ட் பண்ண மாட்டாங்க. அந்த விஷயமே தெரியாத ஒரு ஆளை உட்கார வெச்சு, அதைப் பார்த்து மட்டும் செய்யச் சொல்வாங்க. எங்க முட்டுறாங்களோ அங்க ஸ்கிரிப்ட்டைத் திருத்துவாங்க. எனக்கு முட்டிக் காட்டினது தங்கச்சிதான். முதல் நாளே பதினோரு இடத்துல முட்டினா. ஒரு இடத்துல, நான் "ஆப்வியஸ்லி"ன்னு சொல்லியிருந்த இடம் அது.

வீடியோ கூடவே எழுத்து வடிவமும், ஆடியோ மட்டும் தனியாவும் வெச்சேன். பேச்சு தமிழ்ல, எடிட்டர்ல வர்ற எரர் மெசேஜ் இங்கிலீஷ்லயே, ஏன்னா வேலையில அது இங்கிலீஷ்லதான் வரும். அப்புறம் தப்பான பதில்களை ஒரு ஷீட்ல சேர்க்க ஆரம்பிச்சேன். இதுலதான் எனக்கு நிறைய வெளிச்சம் கிடைச்சுது. ஆளுக்கொரு தப்பு பண்ணினா அவங்க இன்னும் பயிற்சி பண்ணணும். பத்துப் பேர் ஒரே தப்பைப் பண்ணினா அந்த பக் என்னோடது. நல் மதிப்பை ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிடுறதை ஒன்பது பேர் செஞ்சிருந்தாங்க. தேடிப் பார்த்தா மூணாவது வீடியோவுல என் வாயே குளறியிருக்கு.

புது கோர்ஸை 19 பேர் முடிச்சாங்க. மூணு வாரம் கழிச்சு அந்த லெஃப்ட் ஜாயின் கேள்வியை எழுதினது 11 பேர். பெரிய வெற்றின்னு சொல்ல மாட்டேன், எட்டு பேர் இன்னும் டிரம்முக்கு வெளியே வெள்ளைக் கோட்டோட நிக்கிறாங்க. ஆளும் கம்மி, பழைய குழுவும் புதுக் குழுவும் ஒண்ணும் இல்ல, அதனால ஒப்பிடுறதுலயும் அடக்கம் வேணும். ஸ்டார் 3.9-க்கு இறங்கிடுச்சு. "ரொம்ப வேலை வாங்குறீங்க அண்ணா"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தான்.

நேத்து சாயங்காலம் தங்கச்சி மாடிக்கு வந்தா. அந்தப் பழைய சர்டிஃபிகேட்டை ரெஸ்யூமேல இன்னும் போடல, வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. கேட்டது வேற: "அண்ணா, வராதவங்களை எடுத்துட்டேன். ஆனா வந்தவங்க பேரை எடுத்தா, ஒருத்தர் அந்த வாரம் அஞ்சு ஷிப்ட் வந்திருந்தா அஞ்சு தடவை வருமே? அம்மா பேரு அஞ்சு தடவை வருது." இது என் கோர்ஸ்ல எங்கயும் இல்லாத கேள்வி. நாலாவது வாரத்தோட முதல் பயிற்சியா இப்போ அதைத்தான் எழுதிட்டு இருக்கேன்.

எஸ்க்யூஎல் ஒரு வரி கூடத் தெரியாதவங்க யாராவது ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருந்தா மெசேஜ் பண்ணுங்க, அடுத்த ஸ்கிரிப்ட்டுல முட்டிக் காட்ட ஆள் வேணும். அடுத்த வாரம் பார்ப்போம்.