நுகத்தடியும் மும்முனைப் பிணைப்பும்

கண்டி மாநகரை விட்டு ஹேவாஹெட்டைப் பக்கமாகச் செல்வோர், மலைச்சரிவில் படிப்படியாய் இறங்கும் நெல்வயல்களைக் காண்பர். சில படிகள் வீட்டு முற்றத்தளவே அகலமுடையவை. அவற்றைக் காலங்காலமாக உழுதது எருமைச் சோடி. நுகத்தடியில் பிணைத்த ஏர்க்காலின் மறுமுனையில் மேழியைப் பற்றியவன், கொழு கல்லில் தட்டினால் கையாலேயே உணர்வான். எருமையும் நின்றுவிடும்.

இயந்திரத்துக்கு அவ்வுணர்வு எங்கிருந்து வரும்? தொடக்ககால உழவு இயந்திரங்கள் கலப்பையைக் கொளுவி இழுத்தன, அவ்வளவே. கொழு சிக்கிக்கொண்டால் சக்கரம் சுழன்றபடியிருக்க, முன்புறம் மேலெழுந்து இயந்திரம் பின்னால் கவிழும். ஓட்டியவர் பலர் அதனடியில் மாண்டனர்.

வட அயர்லாந்தினரான ஹரி பெர்குசன் இதற்குப் பரிகாரம் தேடினார். கீழே இரு கைகள், மேலே ஒரு தண்டு: இம்மூன்றாலும் கலப்பையை இயந்திரத்தோடு ஓருடலாக்கினார். கலப்பைக்குத் தடை மிகும்போது மேல்தண்டு முன்னோக்கித் தள்ளி முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்தும். எண்ணெயமுக்கத்தால் இயங்கும் பொறி உழவின் ஆழத்தைத் தானே சீர்செய்யும். 1926இல் காப்புரிமை கிடைத்தது. 1936இல் டேவிட் பிரவுன் ஆலையில் இயந்திரம் உருவாயிற்று. 1938இல் ஹென்றி போர்டுடன் கைகுலுக்கியே உடன்பாடு செய்தார், எழுத்தில் ஒன்றுமில்லை. விளைவு வழக்கு. 1952இல் 92.5 இலட்சம் டொலர் பெற்றே அது தீர்ந்தது. இதற்கிடையே 1946இல் கவன்ட்ரியில் தொடங்கிய உற்பத்தி, பத்தாண்டில் ஐந்து இலட்சம் இயந்திரங்களைக் கடந்தது.

இத்தனை சிறந்த பிணைப்பும் கண்டிப் படிவயலுக்கு ஏற்றதன்று. நான்கு சக்கர இயந்திரம் திரும்ப அங்கே இடமேது? படிவிட்டுப் படியேற வழியேது? வரம்புதான் அதன் பாரத்தைத் தாங்குமா?

இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் இரு சக்கர 'லாண்ட்மாஸ்டர்' இயந்திரத்தை வடிவமைத்தார். அது இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. உழவன் மேழியைப் பிடித்ததுபோலவே அதன் கைப்பிடிகளைப் பற்றிப் பின்னே நடந்தான். அப்பெயரே இலங்கைத் தமிழர் வாயில் இரு சக்கர இயந்திரத்துக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது.

ஆயினும் அமெரிக்காவில் அவர் உரையாற்றியபோது, அறிஞர் பக்மின்ஸ்டர் புல்லர் ஒரு வினா எழுப்பினாராம்: இயந்திரமயமானது வேளாண்மையா, எருமையா? வினா தைத்தது. எருமை சாணம் தரும், பால் தரும், கன்று ஈனும்; இயந்திரமோ எண்ணெயைக் கேட்கும். விஜேவர்தன பின்னர் நைஜீரியாவின் இபாதானிலுள்ள ஆய்வு நிலையத்தில், உழாமலே பயிரிடும் முறைகளை ஆராய்ந்தார்.