இரண்டு புள்ளிகள்

பழைய செவ்ரலே காரின் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கிறவர்களுக்காக இன்று ஒரு தகவல்.

1955-ல் வந்தது ‘ஸ்மால் பிளாக்’ என்கிற வி8 எஞ்சின். பின்னாளில் சத்தம் குறையட்டும் என்று, பல வண்டிகளில் கேம் பல்சக்கரத்துக்கு நைலான் பற்கள் வைத்தார்கள். ஓடும்போது சத்தமில்லை, உண்மைதான். ஆனால் வயதானால் நைலான் நொறுங்கும். அந்தத் துணுக்குகள் ஆயில் சம்ப்பில் விழுந்து, பம்ப்பின் சல்லடையை அடைக்கும். ஆகவே புது டைமிங் செயினோடு கேம், கிராங்க் பல்சக்கரங்கள் இரண்டையும் எஃகிலேயே வாங்குங்கள். இரட்டை ரோலர் செயின் நன்றாக உழைக்கும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போடுவது வீண் செலவு.

மாட்டும்போது கிராங்க் சக்கரத்தின் புள்ளி மேலே, கேம் சக்கரத்தின் புள்ளி கீழே; இரண்டும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கவனியுங்கள், அந்த நிலையில் தீப்பொறி கேட்பது ஒன்றாம் சிலிண்டர் அல்ல, ஆறாம் சிலிண்டர்! அனுபவசாலிகளும் தடுமாறும் இடம் இது. கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றி, இரு புள்ளிகளும் மேலே வந்த பிறகு, ஒன்றாம் சிலிண்டருக்கு நேராக டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள்.

மூடியைப் பூட்டும் முன் செயினில் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள்.