ஓவியக் கூடத்தில் ஒரு மணி நேரம்



பிழைப்பின் பொருட்டுத் தலைநகர் தில்லியில் குடியேறிய நம்மவர்கள், ஓய்வு நாட்களில் குடும்பத்துடன் இந்தியா கேட் புல்வெளிக்குச் செல்வது வழக்கம். அதற்கு வெகு அருகிலேயே, ஜெய்ப்பூர் மாளிகையில், தேசிய நவீன கலைக்கூடம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அப்போது குடியரசுத் துணைத் தலைவராயிருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். நம்மில் எத்தனை பேர் அதன் வாயிலைக் கடந்திருக்கிறோம்? "நவீன ஓவியம் நமக்கு விளங்காது" என்று ஒதுங்கிவிடுகிறோம். அத்தகைய தயக்கம் வேண்டியதில்லை.

முகப்பிலேயே நமக்கு அறிமுகமான சிற்பமொன்று நிற்கிறது. பாறையைப் பெயர்க்கும் நால்வர். சென்னைக் கடற்கரையில் நாம் கண்ட உழைப்பாளர் சிலையின் வடிவம் அதுவே. அதைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌதுரி வங்காளத்தவர். சென்னை ஓவியப் பள்ளிக்குப் பல்லாண்டுகள் தலைமை வகித்தவர். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர்தாம் 1966-இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை நிறுவினார்.

உள்ளே அம்ருதா ஷேர்கில் தீட்டிய "பிரம்மசாரிகள்" என்னும் ஓவியத்தைத் தவறாது காணுங்கள். பஞ்சாபித் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் 1913-இல் பிறந்து, பாரிஸில் பயின்றவர் அவர். அஜந்தாவைக் கண்டபின் கன்னியாகுமரி வரை சென்று, 1937-இல் இதனைத் தீட்டினார். செம்மண் நிறப் பின்னணியில், வெள்ளை வேட்டியுடன் அமர்ந்த ஐந்து இளைஞர்கள். மிகையும் இல்லை, ஏளனமும் இல்லை. தம் 28-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

இனி, எவ்வாறு பார்ப்பது? ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிட முயல வேண்டாம். நான்கைந்து ஓவியங்கள் போதும். பெயர்ச் சீட்டைப் பின்னர் படியுங்கள். சற்று விலகி நின்று, கண் முதலில் எங்கே செல்கிறது, பிறகு எங்கே தங்குகிறது என்று கவனியுங்கள். உருவம் தென்படவில்லையே என்று கலங்க வேண்டாம். வாசலில் இடும் புள்ளிக் கோலத்தைப் பார்த்து, "இது எதன் படம்?" என்று நாம் கேட்பதுண்டா? கோட்டின் ஓட்டத்திலும் அளவின் அமைதியிலுமே மனம் நிறைகிறதல்லவா? அந்தக் கண்தான் இங்கும் வேண்டும். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் கேளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

நாம் தெற்கிலிருந்து வடக்கே வந்தோம். ஷேர்கில் வடக்கிலிருந்து தெற்கே சென்றார். அந்தப் பயணத்திலேயே அவர் நம் மக்களின் முகத்தை நின்று பார்த்தார். பல்லாண்டுகளாக இந்நகரில் வாழும் நாம், அண்டை வீட்டாரின் முகத்தை அவ்வளவு கருத்துடன் பார்த்திருக்கிறோமா? பார்க்கப் பழகாவிடில், எத்தனை காலம் வாழ்ந்தாலும் வந்த ஊர் அந்நிய ஊராகவே நின்றுவிடும். ஓவியக் கூடம் அளிக்கும் பயிற்சி அதுவே.